இரண்டு பைகள்

அவசர காலத்தில் முதியவர்கள் கையோடு எடுத்துச் செல்ல வேண்டிய பையைப் பற்றி அரசாங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் இன்னும் பல நல்லெண்ணக்காரர்களும் ஜாபிதாக்கள் வெளியிட்டிருக்கிறார்கள். அவற்றில் ஏழெட்டை வரிசையாகப் படித்துப் பார்த்தேன். ஜாபிதாவை விமர்சகன் கண்ணோடு படிப்பது கொஞ்சம் அபத்தமான காரியம்தான், பழக்கம் விடவில்லை. எல்லாவற்றிலும் பொதுவாக ஒரு குணம் தென்பட்டது. அவை ஓர் உடம்பை உத்தேசித்து எழுதப்பட்டவை. அந்த உடம்புக்குத் தாகம் எடுக்கும், பசிக்கும், இருட்டில் தடுமாறும், மூன்று வேளை மாத்திரை சாப்பிடும். வாஸ்தவம். ஆனால் எழுபதைத் தாண்டிய ஒருவர் பத்து நிமிஷ அவகாசத்தில் வீட்டை விட்டுத் தெருவில் வந்து நிற்கும்போது முதலில் அற்றுப்போவது தண்ணீரும் ரொட்டியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவரைப் பற்றிய தகவல்கள் அற்றுப்போகின்றன. எந்த மாத்திரை எந்த மாடத்தில் இருக்கிறது, ராத்திரி எத்தனை தடவை எழுந்திருப்பார், எந்தக் காதுப் பக்கம் பேசினால் கேட்கும், எதைச் சாப்பிட்டால் ஒத்துக்கொள்ளாது – இதெல்லாம் அவர் மண்டைக்குள் பத்திரமாக இருப்பதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பாதி வீட்டில் இருக்கிறது. மீதிப் பாதி கூட வாழ்கிறவரிடம் இருக்கிறது.

2025 ஜூலை 13, ஞாயிற்றுக்கிழமை. அதிகாலையில் டீசல் ஏற்றி வந்த சரக்கு ரயில் திருவள்ளூர் ஸ்டேஷனுக்கு அருகில் தடம் புரண்டு தீப்பிடித்தது. 18 டாங்கர்கள் எரிந்தன. கரும்புகை ஊர் முழுவதற்கும் தெரிந்தது. தண்டவாளத்தை ஒட்டிய குடியிருப்புகளிலிருந்து ஜனங்களை வெளியேற்றினார்கள். வீடுகளிலிருந்த காஸ் சிலிண்டர்களையும் அப்புறப்படுத்தினார்கள். உயிர்ச்சேதம் இல்லை. எங்கள் வீடு அந்த எல்லைக்கு வெளியே இருந்தது. மொட்டை மாடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். அப்பா, "நம்மள கிளம்பச் சொன்னா எத எடுத்துக்குவ?" என்று அம்மாவைக் கேட்டார். "மொதல்ல அடுப்ப அணைப்பேன்" என்றாள் அம்மா. அவர் கேட்டதற்கு அது பதில் இல்லை; அந்த நேரத்தில் அவளுக்கு வேறு பதிலும் தெரியவில்லை. பை தயாரிக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது அதற்கப்புறம்தான்.

இந்த ஜில்லாவில் வெளியேறுவதற்கான காரணங்களைத் தேடிப் போகவேண்டியதில்லை. பூண்டி ஏரி 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. கொள்ளளவு 3,231 மில்லியன் கன அடி. அது நிரம்பி மதகுகளைத் திறக்கிறபோதெல்லாம் கொசஸ்தலை ஆற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை அறிவிப்பு வரும். நம்பாக்கம், கிருஷ்ணாபுரம், ஆட்ரம்பாக்கம், ஒதப்பை, நெய்வேலி, எறையூர் என்று தொடங்கி எண்ணூர் வரை ஊர்ப் பெயர்கள் வரிசையாகப் போகும். வெறும் பட்டியல் கவிதையாகிவிடும் என்று நம்பிப் பத்திரிகைகளை நிரப்பிக்கொண்டிருக்கும் நண்பர்கள் இந்த அறிவிப்பை ஒருமுறை படிக்கலாம். அதில் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் தண்ணீர் வந்துகொண்டிருக்கிறது. ஆட்ரம்பாக்கத்தில்தான் 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட்டும் வில்லியம் கிங்கும் கற்கோடரிகளைக் கண்டெடுத்தார்கள். அங்குள்ள மிகப் பழைய கருவிகளுக்குப் பதினைந்து லட்சம் வருஷம் வயது என்று இப்போது கணக்கிட்டிருக்கிறார்கள். பூண்டி அருங்காட்சியகத்தில் கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருக்கிறார்கள். நமக்குப் பார்க்கக் கிடைப்பவை அவர்கள் விட்டுச் சென்ற கற்கள். எடுத்துக்கொண்டு போனது என்ன என்று கேட்டால் மியூஸியத்தில் பதில் இருக்காது.

வெள்ளமாவது சில மணி நேரம் கொடுக்கும். 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி எண்ணூர் பெரியகுப்பத்துக்கு அருகில், உரத் தொழிற்சாலைக்கு அம்மோனியா கொண்டுவரும் கடலடிக் குழாயில் கசிவு ஏற்பட்டது. ஜனங்கள் தூக்கத்திலிருந்து எழுந்து ஓடினார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். மிக்ஜாம் புயல் மழையில் அதே கழிமுகத்தில் எண்ணெய் பரவி அப்போது மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அம்மோனியா தண்ணீரில் கரையும். அதனால் ஈரத் துண்டை மூக்கில் வைத்துக்கொண்டு, காற்று வீசும் திசைக்குக் குறுக்காகப் போகவேண்டும். பையைத் தேட அங்கே அவகாசம் கிடையாது. ஆகவே பையின் உள்ளடக்கத்தைவிட அது மாட்டியிருக்கும் ஆணி முக்கியமான விஷயம்: வாசல் கதவுக்குப் பக்கத்தில், நின்றபடி எட்டும் உயரத்தில். பரணில் இருக்கும் பை இல்லாத பை. கும்மிடிப்பூண்டியில், சிப்காட் தொழிற்பேட்டையைத் தாண்டித் தினமும் வேலைக்குப் போகிறவன் என்ற முறையில் இது எனக்கு இலக்கியச் சமாச்சாரமாகப் படவில்லை. நான் இருப்பது வங்கிக் கிளையில். அப்பாவும் அம்மாவும் இருப்பது திருவள்ளூரில். இடையில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேலான பஸ் பயணம். ஏதாவது நேருமானால் அது பெரும்பாலும் நான் அங்கே இல்லாத நேரத்தில்தான் நேரும்.

அப்பா பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். திருவள்ளூர் – ஊத்துக்கோட்டைத் தடத்தில் பல வருஷம் போனார். பூண்டியில் தண்ணீர் திறந்தால் ஒதப்பைத் தரைப்பாலம் முழுகிவிடும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வரவேண்டியதுதான். நான் வாங்கிக்கொண்டு வந்த சக்கரம் வைத்த பெட்டியைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: "தண்ணியில சக்கரம் எங்கடா உருளும்? பை தோள்ல குறுக்கால தொங்கணும். கை ரெண்டும் சும்மா இருக்கணும். ஒரு கை கம்பியப் புடிக்கும், ஒரு கை உங்கம்மாவப் புடிக்கும்." முப்பது வருஷம் ஆடும் வண்டியில் பையோடு நின்றவர் சொல்வதற்கு எதிராக வாதம் செய்ய என்னிடம் ஒன்றும் இல்லை. எடையிலும் அவர் கறார். நான் கட்டிய முதல் பை ஏழு கிலோ. அவர் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருமுனை வரை நடந்து போய்த் திரும்பி வந்து, பேசாமல் ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். மூன்றரைக் கிலோவில் நின்றது. இரண்டு லிட்டர் தண்ணீர் அரை லிட்டராயிற்று. கம்பளி போயிற்று, பழைய வேட்டி வந்தது. வேட்டி போர்வை, துண்டு, மறைப்பு, தூளி எல்லாம் ஆகும் என்றார்.

பணம் பற்றிச் சொல்ல எனக்கு உத்தியோக ரீதியான உரிமை உண்டு. மிக்ஜாமின்போது மின்சாரமும் செல்போன் கோபுரமும் போன இடங்களில் ஏ.டி.எம். ஒரு இரும்புப் பீரோ. பணம் அனுப்பும் செயலிகள் அதைவிட மோசம். இரண்டாயிரம் ரூபாய், அதுவும் பத்து, இருபது, ஐம்பது, நூறாக. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் வெள்ளத்தில் ஆட்டோக்காரர் மீதி கொடுப்பார் என்று யாரும் எதிர்பார்க்கக் கூடாது. சில்லறை விஷயத்தில் அப்பாவுக்கு என்னைவிட ஞானம் அதிகம். ஒரு பழைய டப்பாவில் நாணயமும் போட்டுக்கொண்டார்.

காகிதங்கள். ஆதார், ரேஷன் அட்டை, பென்ஷன் உத்தரவு, பாஸ்புக்கின் முதல் பக்கம், மருத்துவக் காப்பீட்டு அட்டை – இவற்றின் நகல்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில். என் கவுண்டருக்கு நவம்பர் மாதம் வாழ்வுச் சான்று கொடுக்க வருகிற பென்ஷன்காரர்கள் எல்லோரிடமும் ஒரு மஞ்சள் பை இருக்கும். ஒரு கையெழுத்துக்கு வந்தவர் அதில் தன் வாழ்க்கை முழுவதையும் கொண்டுவந்திருப்பார்: நாற்பது வருஷத்து நியமன உத்தரவு, இறந்துபோன மனைவியின் ஆதார், பழைய மருந்துச் சீட்டு. இளைய சக ஊழியர்கள் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வந்ததில்லை. விரலை இயந்திரத்தில் வைத்தால் ரேகை தேய்ந்துபோய்விட்டது என்று அது மறுத்துவிடுகிறது. தான் தான்தான் என்று நிரூபிக்கச் சொந்த விரலே போதாமல் போன மனிதர் வேறு எதைத்தான் நம்புவார்? அவசரப் பை என்ற யோசனை நமக்குத்தான் புதிது. அவர்கள் அதைத் தூக்கிக்கொண்டுதான் நடமாடுகிறார்கள்.

ஆனால் பாஸ்புக் நனைந்தால் வங்கி வேறு கொடுக்கும். ரேஷன் அட்டையும் அப்படியே. மறுபடி அச்சடிக்க முடியாதது வேறொன்று. அதை எனக்குப் புரியவைத்தது கும்மிடிப்பூண்டி முகாமிலிருந்து வரும் ஒரு வாடிக்கையாளர். 1990இல் மன்னார்ப் பக்கத்திலிருந்து படகேறி வந்தவர். இப்போது அவருக்கே வயதாகிவிட்டது. வீட்டுக் காணியின் உறுதியை – நாம் பத்திரம் என்பதை அவர்கள் உறுதி என்கிறார்கள் – இன்னும் பாலிதீன் உறையில் வைத்திருக்கிறார். நான் பை தயாரிக்கும் கதையைச் சொன்னபோது, "உறுதி எல்லாம் வந்து சேர்ந்திட்டுது தம்பி" என்றார். "அம்மா ஒரு வள்ளத்தில, அவவின்ட மருந்து என்ட பையில. நான் வேற வள்ளத்தில." அடுத்து என்ன நடந்தது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. 1995 அக்டோபர் 30ஆம் தேதி இரவு யாழ்ப்பாணத்திலிருந்து லட்சக்கணக்கானோர் மழையில் தென்மராட்சியை நோக்கி நடந்தபோதும் நடக்க முடியாத முதியவர்கள் பலர் பின்தங்கிப்போனார்கள். தமிழில் புலம்பெயர்வைப் பற்றி இவ்வளவு எழுதப்பட்டுவிட்டது. அதில் மருந்துக் குப்பிகள் எங்கே போயின என்பதை எழுதியவர் எத்தனை பேர் என்று ஒரு விமர்சகன் எண்ணிப் பார்க்கலாம்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரே பையை இரண்டாக்க வேண்டும் என்றேன். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டாள். "எதுக்குடா ரெண்டு? நாங்க ஒண்ணாத்தானே போவோம்." அவள் முகம் சட்டென்று மாறிவிட்டது. முதல் பையைக் கட்டும்போதும் அவளுக்குச் சந்தேகம் இருந்தது. பிள்ளை தாய் தகப்பனுக்குப் பெட்டி கட்டுகிறான் என்றால் நம் ஊரில் அதற்கு வேறு அர்த்தம் உண்டு, அக்கம்பக்கத்தில் என்ன நினைப்பார்கள் என்று கேட்டிருந்தாள். அதைச் சிரித்துச் சமாளித்துவிட முடிந்தது. இரண்டு பை என்பதை அப்படிச் சமாளிக்க முடியவில்லை. நாற்பத்தைந்து வருஷமாக ஒரே பீரோ, ஒரே ரேஷன் அட்டை, ஒரே மருந்து டப்பா. அப்பா காலையில் போட்டுக்கொள்ளும் மாத்திரையின் பெயர் அப்பாவுக்குத் தெரியாது. "அந்த வெள்ளை" என்பார். அம்மாவுக்குத் தெரியும். அம்மாவின் முழங்கால் ஊசி எப்போது போட்டது, எந்தக் கண்ணில் ஆபரேஷன் ஆயிற்று என்றால் அம்மா யோசிப்பாள். அப்பா தேதியோடு சொல்வார். ஒருவருடைய ஞாபகம் மற்றவரிடம் வைக்கப்பட்டிருக்கிறது. சேர்ந்திருக்கும்வரை இதில் ஒரு குறையும் இல்லை. முகாமில் ஆண்களுக்கு ஒரு கூடம், பெண்களுக்கு ஒரு கூடம் என்று பிரித்துவிட்டால், அல்லது ஆம்புலன்ஸில் ஒருவருக்குத்தான் இடம் என்றால், இரண்டு பேரும் ஒரே நிமிஷத்தில் தங்களைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்களாகிவிடுவார்கள்.

இது மிகையான கற்பனை இல்லை. 2011 மார்ச்சில் ஜப்பானில் சுனாமியும் அணு உலை விபத்தும் நேர்ந்தபோது ஃபுகுஷிமா மாகாணத்தில் நேரடியாக இறந்தவர்கள் சுமார் 1,600 பேர். வெளியேற்றத்தின் அலைச்சலாலும் அதன் பின்விளைவுகளாலும் இறந்தவர்கள் என்று அரசு கணக்கெடுத்தது 2,300 பேருக்கு மேல். பெரும்பாலோர் முதியவர்கள். காப்பாற்றுவதற்காக ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோனதே பலருக்கு எமனாயிற்று. அதே நாட்டில் ஒவ்வொருவருக்கும் மருந்துக் குறிப்பேடு என்று சிறு புத்தகம் ஒன்று உண்டு. மருந்துக் கடையில் மருந்து வாங்கும்போதெல்லாம் அதில் பதிந்து கொடுப்பார்கள். அதைக் கையில் வைத்திருந்தவர்களுக்கு முன்பின் அறியாத டாக்டர்கள் சுலபமாக மருந்து கொடுக்க முடிந்தது.

ஆக, ஒரு குறிப்பேடு. நாற்பது பக்க நோட்டுகள் இரண்டு வாங்கினேன். இங்கேதான் எழுத்து சம்பந்தப்பட்ட பிரச்சினை வருகிறது. இதை வாசிக்கப் போகிறவர் யார்? நான் இல்லை. எங்கள் குடும்ப டாக்டர் இல்லை. அரக்கோணத்திலிருந்து வரும் தேசியப் பேரிடர் மீட்புப் படை வீரராக இருக்கலாம். அவர் எந்த மாநிலத்துக்காரரோ. தூக்கமில்லாத ஒரு ஹவுஸ் சர்ஜனாக இருக்கலாம். எனவே தமிழிலும் ஆங்கிலத்திலும், கொட்டை எழுத்தில், வயது, ரத்த வகை, வியாதி, மருந்தின் கம்பெனிப் பெயர் இல்லாமல் மூலப் பெயர், அளவு, வேளை, ஒவ்வாமை, யாருக்குப் போன் செய்யவேண்டும். போன் அணைந்துவிட்டால் எண்களும் அதோடு அணைந்துவிடும் என்பதால் எல்லாம் காகிதத்தில்: என் எண், அத்தை மகன் எண், ஜில்லா கட்டுப்பாட்டு அறை 1077, ஆம்புலன்ஸ் 108, முதியோர் உதவிக்கு 14567. அந்நியனுக்காக எழுதுவது எவ்வளவு கஷ்டமான காரியம் என்று சிறுபத்திரிகையில் எழுதுகிற எனக்கு அன்றுதான் ஸ்தூலமாகத் தெரிந்தது. இங்கே நாம் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்கிறோம். பாதியைச் சொன்னால் மீதி புரிந்துவிடும்.

அப்பாவைப் பற்றி அம்மா சொல்ல, நான் எழுதினேன். அம்மாவைப் பற்றி அப்பாவே எழுதினார். இந்த ஏற்பாட்டுக்கப்புறம் அம்மா இரண்டு பைக்கும் சம்மதித்தாள். சம்மதித்தாள் என்பதுகூடச் சரியில்லை. அப்பாவின் பையைத் தான்தான் கட்டுவேன் என்று எடுத்துக்கொண்டாள். மெட்ஃபார்மின், அம்லோடிபின் இரண்டு வாரத்துக்கு. மாத முதல் தேதியில் பழையதை எடுத்துச் சாப்பிட்டுவிட்டுப் புதியதை வைக்கவேண்டும். இன்சுலின்தான் தகராறு. பிரிக்காத குப்பி ஃபிரிட்ஜில் இருக்கவேண்டும். பிரித்ததை 30 டிகிரிக்கு மேல் போகாத இடத்தில் ஏறத்தாழ நான்கு வாரம் வைக்கலாம். திருவள்ளூர்க் கோடையில் அப்படி ஒரு இடம் வீட்டுக்குள் கிடையாது. எனவே பையில் இன்சுலின் இல்லை. பையின் வாரில் ஒரு அட்டை தொங்குகிறது – "ஃபிரிட்ஜ் கதவு, மேல் தட்டு" என்று. போய்ச் சேர்ந்த இடத்தில் மின்சாரம் இல்லாவிட்டால் ஈர மணல் போட்ட மண்பானைக்குள் சின்னச் சட்டியில் வைக்கலாம் என்பது அம்மாவுக்கே தெரிந்திருந்தது. பழைய மூக்குக் கண்ணாடி, பல்செட் டப்பா, காது மெஷினுக்குப் பொத்தான் பேட்டரி, விசில், உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம். அப்பாவின் நோட்டில் அம்மா சொல்லி நான் எழுதிய கடைசி வரி: "காரணமில்லாமல் கோபப்பட்டால் சர்க்கரை குறைந்திருக்கிறது என்று அர்த்தம். பதில் பேசாமல் மூன்று ஸ்பூன் சர்க்கரை கொடுக்கவும்." இதை எந்த மருந்துச் சீட்டிலும் பார்க்க முடியாது. அப்பா இதைப் படித்துவிட்டுக் கோபப்பட்டார். சர்க்கரை சரியாகத்தான் இருந்தது.

அம்மாவின் பையில் ஒரு விஷயத்தை யாராலும் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. முகாம் என்றால் பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் பெரும்பாலும் குந்தி உட்காரும் கக்கூஸ், அதுவும் சின்னப் பிள்ளைகளுக்கு. முழங்கால் போன பெண்கள் இந்த மாதிரி இடங்களில் செய்வது என்ன என்று எல்லோருக்கும் தெரியும்: தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுகிறார்கள். பக்கத்தில் லாரித் தண்ணீர் நிற்கும். இவர்கள் நாக்கு வறண்டு, ரத்த அழுத்தம் இறங்கி, எழுந்திருக்கும்போது தலைசுற்றி விழுவார்கள். ஜாபிதாக்கள் எல்லாவற்றிலும் ஆளுக்கு எத்தனை லிட்டர் என்ற கணக்கு இருக்கிறது. மடக்கும் கக்கூஸ் நாற்காலி ஒன்று வாங்கலாம் என்றேன். தோளில் தொங்காது என்று அப்பா நிராகரித்துவிட்டார். அம்மா எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாள்.

அன்று ராத்திரி அவர் அம்மாவின் நோட்டை எடுத்துக்கொண்டு வாசல் விளக்கில் உட்கார்ந்திருந்தார். டிக்கெட் புத்தகத்தில் எழுதிப் பழகிய சிறிய, நெருக்கமான எழுத்து. காலையில் பார்த்தேன். கண், முழங்கால், மாத்திரை எல்லாம் முடிந்து கடைசியில் நான்கு வரிகள் தனியாக இருந்தன: "முழங்கால் மடங்காது. உயரமான இருக்கை வேண்டும், எழுப்பிவிட ஒரு பெண் துணை வேண்டும். தண்ணீர் வேண்டாம் என்று சொன்னால் நம்பவேண்டாம். கேட்கமாட்டாள், நீங்களாகக் கேட்கவும்."

அம்மா அதைப் படித்தாள். பேனாவை எடுத்து அடித்துவிடுவாள் என்று நினைத்தேன். நோட்டை மூடிப் பைக்குள் வைத்து, அதன்மேல் பிளாஸ்டிக் சொம்பை வைத்தாள்.